வேலியும் விளைநிலமும்: ஐக்கிய அமெரிக்காவில் மெக்சிக்க வயற்றொழிலாளர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் தென்னெல்லை பற்றிய விவாதம் அந்நாட்டுத் தேர்தற் காலங்களில் நேற்றுத் தோன்றிய பிரச்சினை போலவே எழுப்பப்பட்டு வருகின்றது. எல்லையைக் கடந்து வருவோரைத் தடுத்து நாட்டின் சட்டத்தைக் காத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். விளைந்து கிடப்பதை அறுப்பதற்கு ஆளில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பவை என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. ஆயின் 1917 தொடக்கம் 1964 வரையுள்ள காலப்பகுதியை ஊன்றி நோக்குவார்க்கு வேறொரு காட்சி புலனாகும். எல்லையைக் காத்த அரசாங்கமே வயல்களுக்கு ஆட்களையும் திரட்டிக் கொடுத்தது. சில வேளைகளில் ஒரே திணைக்களத்தின் அதிகாரிகளே இரண்டையும் செய்தனர். துரத்துதலும் திரட்டுதலும் ஒரே முறைமையின் இரு தொழில்களாக இயங்கியவாற்றையும், அதன் சுமை எவர் தோளில் விழுந்தது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலிபோர்ணியா, அரிசோனா, ரெக்சாஸ் முதலிய தென்மேற்கு மாநிலங்களின் வேளாண்மை, குடும்பமாக உழுதுண்ணும் சிறு கமக்காரரின் வேளாண்மையாக வளர்ந்ததொன்றன்று. நீர்ப்பாசனமும் புகையிரதப் பாதையும் பெருமூலதனமும் கூடி உருவாக்கிய வணிக வேளாண்மை அது. பருத்தி, சர்க்கரைப் பீற், பழவகை, மரக்கறி ஆகியவை சில வாரங்களுக்குப் பெருந்தொகையான கைகளை வேண்டுவன; அறுவடை முடிந்ததும் அக்கைகள் வேண்டப்படுவதில்லை. ஆண்டு முழுவதும் ஊதியம் கொடாமல், வேண்டிய வேளையில் மட்டும் ஆட்களைப் பெறுவது எவ்வாறு என்பதே நிலவுடைமையாளரின் இடையறாத வினாவாயிற்று. முதலிற் சீனர் வந்தனர். 1882ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் வரவைத் தடுத்தது. அடுத்து யப்பானியர் வந்தனர். 1907-1908இல் யப்பானிய அரசுடன் ஏற்பட்ட இணக்கம் அவர்களது வரவையும் சுருக்கியது. எஞ்சி நின்ற அயல்நாடு மெக்சிக்கோ. 1848 வரை இந்நிலத்தின் பெரும்பகுதி மெக்சிக்கோவுக்கே உரியதாயிருந்தது என்பதை இவ்விடத்து நினைவிற்கொள்ளல் வேண்டும்.

1917ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் எழுத்தறிவுச் சோதனையையும் ஆளொன்றுக்கு 8 டொலர் வரியையும் விதித்தது. சட்டம் நிறைவேறிய சில மாதங்களிலேயே, போர்க்காலத் தேவையைக் காரணங்காட்டி, மெக்சிக்க வயற்றொழிலாளருக்கு இவ்விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 1921 வரையில் 70,000இற்கு மேற்பட்டோர் இவ்விலக்கின் கீழ் வந்தனர். கதவை அடைத்த கையே அதன் ஓரத்திற் சிறு வாயிலொன்றைத் திறந்து வைக்கும் இவ்வழக்கம் பின்னர் பலமுறை மீண்டும் நிகழ்ந்தது.

1924ஆம் ஆண்டுச் சட்டம் நாடுவாரியாகக் குடிவரவுக்கு வரையறை விதித்தபோதும் இதுவே நிகழ்ந்தது. தென், கிழக்கு ஐரோப்பியரைப் பெருமளவிற் குறைத்தும் ஆசியரை ஏறத்தாழ முற்றாக விலக்கியும் அமைந்த அச்சட்டம், அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கு வரையறை எதனையும் விதிக்கவில்லை. மெக்சிக்கரையும் வரையறைக்குள் அடக்க வேண்டுமென ரெக்சாஸ் உறுப்பினர் ஜோன் பொக்ஸ் காங்கிரசில் வாதாடினார்; அவரது வாதம் வெளிப்படையான இனவாதம். அதனை எதிர்த்த நிலவுடைமையாளரின் வாதமோ அதனினும் நுட்பமான ஒன்று. மெக்சிக்கன் குடியேறுவதற்கு வருபவனல்லன், பருவம் முடிந்ததும் திரும்பிப் போவான், போகாவிடின் அனுப்பிவிடலாம் என்று அவர்கள் கூறினர். நாடுகடத்தத்தக்கவனாயிருத்தல் அத்தொழிலாளியின் சிறப்பியல்பாகப் போற்றப்பட்டது. இரு தரப்பினரும் அவனை நாட்டின் உறுப்பினனாக எண்ணவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

இதற்கேற்பவே எல்லையும் அமைக்கப்பட்டது. 1924 மே மாதத்தில் எல்லைக்காவற்படை நிறுவப்பட்டது. 1929 மார்ச்சில், தென் கரோலினா மாநிலத்து செனற்றர் கோல்மன் பிளீஸ் முன்னின்று நிறைவேற்றிய சட்டம், அனுமதியின்றி எல்லையைக் கடத்தலை முதன்முறையாகக் குற்றவியற் குற்றமாக்கியது. நாடுகடத்தப்பட்டபின் மீண்டும் நுழைதல் அதனினும் பெருங்குற்றமாயிற்று. எண்ணிக்கை வரையறை இல்லை. ஆயினும் முறையாக வருவோன் வரியும் கட்டணமும் செலுத்தி, சோதனைகளுக்கு உட்பட வேண்டும். வறியவன் ஆற்றைக் கடந்தே வருவான். வந்தபின் அவன் குற்றவாளி. 'சட்டவிரோதக் குடியேற்றவாசி' என்ற வகுப்பினர் தாமாகத் தோன்றியவரல்லர். சட்டத்தாற் படைக்கப்பட்டவர் என்று வரலாற்றாசிரியர் மே நிகாய் விரிவாக நிறுவியுள்ளமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

பெருமந்த காலத்தில் இவ்வகுப்பின் பயன் வெளிப்பட்டது. வேலையின்மை பெருகிய 1930களில் மெக்சிக்கர் புகையிரதங்களில் ஏற்றித் தெற்கே அனுப்பப்பட்டனர். தொகை பற்றிய மதிப்பீடுகள் சில இலட்சங்களிலிருந்து பத்து இலட்சத்துக்கு மேல் வரை வேறுபடுகின்றன. அனுப்பப்பட்டோரிற் பெரும்பாலோர் ஐக்கிய அமெரிக்காவிலே பிறந்த பிரசைகள் என்று கருதப்படுகின்றது. கலிபோர்ணியா மாநிலம் இதற்காக 2005இல் சட்டமியற்றி மன்னிப்புக் கோரியது.

பத்தாண்டு கழிவதற்குள் காற்றுத் திசைமாறிற்று. இரண்டாம் உலகப்போரில் ஐக்கிய அமெரிக்கா இறங்கியதும் ஆடவர் படைக்கும் ஆலைகளுக்கும் சென்றனர். முன்னர் எவரைத் துரத்தினரோ அவரையே அழைக்கவேண்டியதாயிற்று. 1942 ஆகஸ்ட் 4ஆந் திகதி இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையே 'பிராசெரோ' திட்டத்தின் தோற்றுவாயாகும். ஸ்பானிய மொழியில் 'பிராசோ' என்பது புயத்தைக் குறிக்கும். பிராசெரோ என்பான் புயத்தால் உழைப்பவன். முதற் குழுவினர் அவ்வாண்டு செப்டெம்பரிற் கலிபோர்ணியாவின் ஸ்ரொக்ரன் பகுதிச் சர்க்கரைப் பீற் வயல்களுக்கு வந்து சேர்ந்தனர்.

ஏட்டளவில் இவ்வுடன்படிக்கை மிக மேலானது. எழுத்திலான ஒப்பந்தம், போக்குவரத்துச் செலவு, இலவச உறைவிடம், அப்பகுதியில் வழங்கும் கூலி, எந்நிலையிலும் மணித்தியாலத்துக்கு 30 சதத்துக்குக் குறையாமை, ஒப்பந்தக் காலத்தின் முக்காற் பங்குக்கு வேலை உறுதி, இனப்பாகுபாடு காட்டாமை, படைச்சேவைக்கு அழைக்காமை என்பன அதில் இடம்பெற்றன. மெக்சிக்கோவின் பேரம்பேசும் ஆற்றல் போர்க்காலத்தில் உயர்ந்திருந்தமையே இதற்குக் காரணம். இதில் முரண் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டு வயற்றொழிலாளருக்கு இவ்வுரிமைகளுட் பெரும்பாலானவை இல்லை. 1935ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைப் பாதுகாத்தபோதும், 1938ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை விதித்தபோதும் வயற்றொழிலாளர் விலக்கப்பட்டிருந்தனர். அந்நியனுக்குக் காகிதத்திற் கொடுக்கப்பட்டது சொந்த நாட்டானுக்குக் காகிதத்திலும் கொடுக்கப்படவில்லை. நிலவுடைமையாளர் அந்நியனையே விரும்பினர் என்பதிலிருந்து அக்காகிதத்தின் பெறுமதி என்னவென்பதை உணரலாம்.

ரெக்சாஸ் மாநிலத்தின் நிலை தனித்து நோக்கத்தக்கது. அங்கு மெக்சிக்கர்க்கு உணவகங்களிலும் பாடசாலைகளிலும் இழைக்கப்பட்ட பாகுபாட்டைக் காரணங்காட்டி, மெக்சிக்க அரசு 1947 வரை அம்மாநிலத்துக்குத் தொழிலாளரை அனுப்ப மறுத்தது. 1943இல் மாநிலச் சட்டசபை நல்லெண்ணத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியும் பயன் விளையவில்லை. ஆனால் ரெக்சாஸின் பருத்தி அறுவடை நின்றுவிடவில்லை. ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து அனுமதியின்றி வந்தவர்கள் அதனைச் செய்தனர். ஆற்றைக் கடந்ததால் முதுகு நனைந்தவர் என்ற பொருளில் 'வெற்பாக்' என்னும் இழிசொல் அவர்களுக்கு வழங்கிற்று. ஒருவன் கடந்துவந்த நீரைக் கொண்டே அவனுக்குப் பெயரிடும் வழக்கம், 'கள்ளத்தோணி' என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய இலங்கை வாசகர்க்கு விளக்கவேண்டியதொன்றன்று.

போர் முடிந்தபின் நிகழ்ந்தது இன்னும் விசித்திரமானது. 1947 தொடக்கம் இரு அரசுகளும் செய்துகொண்ட ஏற்பாடுகளின்படி, ஏற்கெனவே சட்டவிரோதமாக உள்ளே இருப்போரைப் பிடித்து, எல்லைக்குக் கொண்டுசென்று, காகிதம் கொடுத்து, அதே வயல்களுக்கு மீளவும் அனுப்பினர். 'நனைந்தவரை உலர்த்துதல்' என்று அதிகாரிகளே இதற்குப் பெயரிட்டனர். சில இடங்களில் எல்லைக்கோட்டுக்கு அப்பாற் காலை வைத்துத் திரும்புவதே போதுமான சடங்காயிற்று. 1947-1949 காலப்பகுதியில் மெக்சிக்கோவிலிருந்து புதிதாக ஒப்பந்தமானோர் ஏறத்தாழ 74,600 பேர். இவ்வாறு உலர்த்தப்பட்டோர் ஏறத்தாழ 142,000 பேர். இதனால் விளைந்த பாடத்தை மெக்சிக்கக் கிராமவாசி விரைவிற் கற்றுக்கொண்டான். உள்நாட்டு ஆட்சேர்ப்பு நிலையத்தில் இலஞ்சம் கொடுத்து வாரக்கணக்கிற் காத்திருப்பதினும், ஆற்றைக் கடந்து சென்று பிடிபடுவதே ஒப்பந்தம் பெறுவதற்குச் சுருக்கவழியாயிருந்தது.

1948 ஒக்ரோபரில் எல்பாசோ நகரில் நிகழ்ந்தது இம்முறைமையின் உள்ளியல்பைத் திறந்து காட்டியது. பருத்தி பறித்தலுக்கு நூறு இறாத்தலுக்கு இரண்டரை டொலர் கொடுக்க நிலவுடைமையாளர் முன்வந்தனர். மெக்சிக்க அரசு மூன்று டொலர் கேட்டது. இணக்கம் ஏற்படவில்லை. அறுவடையோ காத்திராது. குடிவரவு அதிகாரிகள் எல்லையைத் திறந்துவிட்டனர். சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் உள்ளே நுழைந்தனர். பெயரளவிற் கைதுசெய்யப்பட்டு, அங்கேயே காத்துநின்ற நிலவுடைமையாளரின் லொறிகளில் ஏற்றப்பட்டனர். மெக்சிக்கோ உடன்படிக்கையை முறித்தது, வாஷிங்டன் வருத்தம் தெரிவித்தது, பருத்தி பறிக்கப்பட்டுவிட்டது. 1954 ஜனவரியிலும் இத்தகையதே நிகழ்ந்தது. பேச்சுவார்த்தை முறிந்ததும் ஐக்கிய அமெரிக்கா தன்னிச்சையாக எல்லையில் ஆட்சேர்க்கத் தொடங்க, மெக்சிக்காலி நகரில் மெக்சிக்கப் பொலிசார் தம் மக்களைப் போகவிடாது தடுத்தனர். ஒரு மனிதனை இருநாட்டு அதிகாரிகளும் இருபுறமும் பற்றியிழுக்கும் புகைப்படம் அந்நாட்களிற் பத்திரிகைகளில் வெளிவந்தது. ஒரு நாடு தன் குடிமகனை வெளியேறவிடாது இழுக்க, மற்றது சட்டவிரோதமாக நுழைபவனென்று தான் பிறவேளைகளிற் பிடிக்கும் ஒருவனை உள்ளே இழுத்தது.

இந்நிலையைச் சீர்செய்யும் வழி அறியப்படாததன்று. ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த இடம்பெயர் தொழிலாளர் பற்றிய ஆணைக்குழு 1951இல் வெளியிட்ட அறிக்கையில், சட்டவிரோதமாக வந்தோரை வேலைக்கமர்த்துவோரைத் தண்டித்தலே வேரைத் தொடும் வழி என்று தெளிவாகக் கூறியது. அறுவடைக் காலங்களில் எல்லைக்காவலர் தம் கையைத் தளர்த்துமாறு மேலிடத்தாற் பணிக்கப்பட்டதற்கான சாட்சியமும் அதன்முன் வைக்கப்பட்டது. அதே ஆண்டு பிராசெரோ திட்டத்துக்கு நிலையான சட்ட வடிவம் கொடுத்த சட்டமூலத்தில் ஒப்பமிட்ட ட்ரூமன், வேலைகொள்வோரைத் தண்டிக்கும் சட்டத்தையும் காங்கிரசிடம் கேட்டார். 1952இற் காங்கிரஸ் கொடுத்தது வேறு. சட்டவிரோதமாக வந்தோர்க்குப் புகலிடம் கொடுத்தல் பெருங்குற்றம் என்று விதித்துவிட்டு, வேலை கொடுத்தல் புகலிடம் கொடுத்தலாகாது என்ற வாசகத்தையும் அதனுடன் சேர்த்தது. இது 'ரெக்சாஸ் விதிவிலக்கு' எனப் பெயர்பெற்றது. பசித்தவனுக்குத் தன் வீட்டில் இடங்கொடுப்பவன் சிறை செல்லலாம். அவனைக் கொண்டு நூறு ஏக்கர் பருத்தி பறிப்பவன் செல்லவேண்டியதில்லை. 1986 வரை, அதாவது முப்பத்துநான்கு ஆண்டுகள், இவ்வாசகம் சட்டப்புத்தகத்திலிருந்தது. எல்லைப் பாதுகாப்புப் பற்றிய எத்தனையோ உரைகளினும் இவ்வொரு வாசகம் அரசின் உள்ளக்கிடக்கையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

1954 ஜூனில் ஓய்வுபெற்ற படைத்தளபதி ஜோசப் சுவிங் குடிவரவு ஆணையாளராகத் தொடக்கிய 'வெற்பாக் நடவடிக்கை' பற்றி இன்றும் பெருமையாகப் பேசுவோர் உளர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அகற்றப்பட்டனர் என்பது அவர்கள் கூறும் கணக்கு. அக்கணக்கைச் சற்று நெருங்கி நோக்குதல் வேண்டும். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கைதுகள் என்பது 1954 ஜூன் 30ஆந் திகதியுடன் முடிந்த நிதியாண்டுக்குரிய தொகை. நடவடிக்கையோ அவ்வாண்டின் இறுதி இரு வாரங்களிலேயே தொடங்கிற்று. எனவே அக்கைதுகளிற் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. ஒரே மனிதன் பலமுறை பிடிபட்டுப் பலமுறை எண்ணப்பட்டமையும் உண்டு. அடுத்த நிதியாண்டின் தொகை ஏறத்தாழ 250,000 மட்டுமே.

அதன்பின் சட்டவிரோத வரவு குறைந்தது உண்மை. ஆனால் குறைந்ததேன்? சுற்றிவளைப்பும் விளம்பரமும் ஒருபுறமிருக்க, சுவிங் நிலவுடைமையாளரைச் சந்தித்து, ஒப்பந்தத் தொழிலாளரை எளிதிற் பெறும் வழிவகைகளைச் செய்து கொடுத்தார். 1953இல் ஏறத்தாழ 201,000 ஆக இருந்த பிராசெரோ ஒப்பந்தங்கள் 1956இல் ஏறத்தாழ 445,000 ஆயின. வயலில் நின்ற மெக்சிக்கரின் தொகை பெரிதும் மாறவில்லை. பலருடைய கையில் ஒரு காகிதம் ஏறிற்று. அக்காகிதம் மாற்றத்தக்கதன்று, ஒரு வேலைகொள்வோனுக்குரியது, முறையிட்டால் இரத்தாவது. இடையிலே துன்பம் மட்டும் மெய்யானது. குடும்பங்கள் பிரிந்தன; பிரசைகளும் பிடிபட்டனர்; மீண்டு வராதிருக்கும் பொருட்டுப் பலர் கப்பல்களில் ஏற்றப்பட்டு மெக்சிக்கோவின் தொலைதூரத் துறைமுகங்களில் இறக்கப்பட்டனர்.

ஒப்பந்தத்தொழிலாளன் வாழ்வு எத்தகையது? மெக்சிக்கோவின் ஆட்சேர்ப்பு நிலையங்களில், உழைத்துக் காய்த்த கையா என்று உள்ளங்கையைத் தடவிப் பார்த்தே ஆட்களைத் தெரிந்தனர். எல்லை நிலையத்தில் ஆடை களையப்பட்டு அவர்கள்மீது டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பட்டது. உணவுக்கென நாளொன்றுக்கு 1.75 டொலர் வரை கூலியிற் கழிக்கப்பட்டது. கலிபோர்ணியாவின் சலாது, பீற் வயல்களிற் குட்டைப்பிடிக் களைகொத்தி கொடுக்கப்பட்டது. நாள் முழுவதும் இடுப்பை மடித்தே வேலைசெய்ய வேண்டும். நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்பதை மேற்பார்வையாளன் தொலைவிலிருந்தே கண்டுகொள்ள அது உதவிற்று. அக்கருவி கலிபோர்ணியாவில் 1975இலேயே தடைசெய்யப்பட்டது. இவற்றையெல்லாம் முகாம் முகாமாகச் சென்று ஆராய்ந்து 1956இல் வெளியிட்டவர் ஏர்னெஸ்ரோ கலார்சா. மெக்சிக்கோவிற் பிறந்து, சிறுவனாகக் கலிபோர்ணியா வந்து, வயலில் வேலைசெய்து, கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், பட்டத்தை ஏணியாக்காமல் மீண்டும் வயலுக்கே தொழிற்சங்கவாதியாகத் திரும்பினார்.

கலார்சாவின் இக்கட்டு நம் கவனத்துக்குரியது. 1947இல் ஆர்வின் நகரருகே டி ஜோர்ஜியோ பண்ணையில் நடந்த வேலைநிறுத்தத்தில், முதலில் வேலைசெய்ய மறுத்த பிராசெரோக்கள் மீளவும் வயலுக்கு அனுப்பப்பட்டனர், வேலைநிறுத்தம் சோர்ந்தது. ஒப்பந்தத் தொழிலாளனும் அனுமதியற்றவனும் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியை அமுக்கும் கருவிகளாயினர் என்பதை மறுக்க முடியாது. இதனாலேயே மெக்சிக்க அமெரிக்கரின் அமைப்பான ஜீ.ஐ. போரமும் ரெக்சாஸ் தொழிற்சங்கச் சம்மேளனமும் 1953இற் கூட்டாகப் பிரசுரம் வெளியிட்டு, சட்டவிரோத வரவைத் தடுக்குமாறு கோரின. 1954 நடவடிக்கையை வரவேற்கவும் செய்தன. தம் இனத்தவர் துரத்தப்படுவதைத் தொழிலாளர் தலைவர்கள் வேண்டி நிற்கும் நிலை. அவர்களைக் குறைகூறுதல் எளிது. தண்டிக்கத்தக்க இருவருள் ஒருவனைச் சட்டமே காப்பாற்றி வைத்திருந்தபோது, மற்றவன்மீதே அவர்களது கோபம் திரும்பிற்று. பின்னர் சீசர் சாவேஸின் சங்கமும் 1974இல் இதே வழியிற் சென்றது.

1963 செப்டெம்பர் 17ஆந் திகதி, கலிபோர்ணியாவின் சுவலார் என்னும் ஊரில், வயலிலிருந்து முகாமுக்குத் திரும்பிய தொழிலாளரை ஏற்றிய லொறி புகையிரதத்துடன் மோதியது. 32 பேர் இறந்தனர். இருபுறமும் பலகை ஆசனங்கள் பூட்டி ஆட்களுக்கென மாற்றப்பட்ட லொறி அது. அதற்கு முன்னரே திட்டத்துக்கு எதிரான குரல்கள் காங்கிரசில் வலுத்திருந்தன. 1964 டிசெம்பர் 31ஆந் திகதியுடன் திட்டம் முடிவுற்றது. இருபத்திரண்டு ஆண்டுகளிற் கைச்சாத்தான ஒப்பந்தங்கள் ஏறத்தாழ 46 இலட்சம்.

பயிர் அழுகும் என்று நிலவுடைமையாளர் எச்சரித்திருந்தனர். அழுகவில்லை. தக்காளி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆண்டுக்கணக்காக உருவாக்கப்பட்ட அறுவடை இயந்திரமும், அதன் பிடிக்குத் தாங்கும் தடித்த தோற் தக்காளியினமும் ஆயத்தமாயிருந்தன. மலிவான கைகள் இருந்தவரை அவற்றை வாங்குவாரில்லை. 1970 அளவில் ஆலைத் தக்காளி ஏறத்தாழ முழுவதும் இயந்திரத்தால் அறுக்கப்பட்டது. உள்ளூரார் கூலி உயரும் என்று எதிர்பார்த்தோரின் கணிப்பும் முழுமையாகப் பலிக்கவில்லை. 2018இல் கிளெமென்ஸ் முதலிய பொருளியலாளர் வெளியிட்ட ஆய்வு, பிராசெரோக்கள் மிகுந்திருந்த மாநிலங்களிலும் அவர்கள் இல்லாத மாநிலங்களிலும் கூலியின் போக்கில் வேறுபாடு காணவில்லை. ஆயினும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1965 செப்டெம்பரில் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினரும் மெக்சிக்கரும் தொடங்கிய வேலைநிறுத்தம் 1970இல் ஒப்பந்தங்களாகக் கனிந்தது. தலைக்குமேல் அரசே ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய காலத்தில் அத்தகைய போராட்டம் ஐந்தாண்டு நின்றிருக்குமென்று கூறுதல் அரிது.

பின்வந்த வரலாறு பழைய தடத்திலேயே சென்றது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கும் முதன்முறையாக வரையறை விதித்தது. வழக்கமாக வந்துபோனவர்கள் வழக்கம்போல வந்தனர். பெயர் மட்டும் மாறிற்று. 1986இல் வேலைகொள்வோருக்குத் தண்டனை சட்டமாயிற்று. வேலைக்கு வருவோன் காட்டும் பத்திரம் பார்வைக்கு மெய்யானதாகத் தோன்றினாற் போதும் என்ற ஏற்பாட்டால் அத்தண்டனை பல்லற்றதாயிற்று. அச்சட்டத்தால் ஏறத்தாழ 27 இலட்சம் பேர் சட்டபூர்வமாயினர். அவருட் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வயற்றொழிலாளர். 1993 தொடக்கம் நகர எல்லைகளிற் காவல் இறுகியபோது, பருவந்தோறும் திரும்பிப் போனவர்கள் மீண்டும் வருதல் அரிதென்று போகாமலே தங்கலாயினர். இதனைச் சமூகவியலாளர் டக்ளஸ் மாசி புள்ளிவிவரங்களால் நிறுவியுள்ளார். எச்-2ஏ என்னும் தற்காலிக அனுமதித் திட்டத்தின்கீழ் 2022, 2023 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 370,000இற்கு மேற்பட்ட வயல்வேலைகள் அங்கீகரிக்கப்பட்டன. பிராசெரோவைப் போலவே அவ்வனுமதியும் தொழிலாளியை ஒரு வேலைகொள்வோனுடன் பிணைக்கின்றது.

1942ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மேலே கூறாத நிபந்தனை ஒன்றுண்டு. தொழிலாளரின் கூலியிற் பத்து வீதம் கழிக்கப்பட்டு, சேமிப்பாக மெக்சிக்க வங்கிகளுக்கு அனுப்பப்பட்டு, அவர்கள் நாடு திரும்பியதும் கொடுக்கப்பட வேண்டும். பெரும்பாலானோர் அப்பணத்தைக் காணவில்லை. பலர் அது கழிக்கப்பட்டதையே அறியவில்லை. அறுபது ஆண்டு கழித்து, முதியவர்களாகிவிட்ட பிராசெரோக்கள் மெக்சிக்கோவிற் போராட்டம் நடத்தினர். 2001இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தனர். 2005இல் மெக்சிக்க அரசு ஒவ்வொருவருக்கும் 38,000 பெசோ, அதாவது ஏறத்தாழ 3,500 டொலர், வழங்க ஒரு நிதியத்தை அமைத்தது. அதனைப் பெறுவதற்குப் பழைய ஒப்பந்தப் பத்திரத்தையோ கூலிச் சீட்டையோ காட்டவேண்டும் என்று விதிக்கப்பட்டது. முகாமுக்கு முகாம் அலைந்த வாழ்க்கையில் பலரிடம் அத்தாள்கள் எஞ்சியிருக்கவில்லை.